இரட்டைக்கொம்பு

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தால்
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன்.
நாற்பத்து மூன்றில் விட்டுவிடுவேன்.
அதற்கு மேல் எல்லாம் பல.

எம்.சி. ரோட்டின் பின்சந்தில் ஃப்ளெக்ஸ் கடை.
ஜக்கரியா அண்ணன் பில்லில் என் வேலைக்கு
டிசைனிங் என்று பேர்.
பாதி நாள் நான் அடிப்பது ஒரே சொல்:
மல்டி.
மல்டி ஸ்பெஷாலிட்டி, மல்டி குசைன்,
மல்டி பிராண்ட் செல்போன் சர்வீஸ்.
தண்டையார்பேட்டையில் ஒரு மல்டி ஜிம்,
உள்ளே ரெண்டு தம்புள்ஸ், ஒரு கண்ணாடி.
"மல்டிய பெருசா போடும்மா,
மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல."

தமிழில் பெரிதாக இருக்க வேண்டும் என்று
அதிகாரி யாரோ சொல்லிவிட்டுப் போன வாரம்
திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு
பல்துறை மருத்துவமனை என்று அடித்துக் கொடுத்தேன்.
நாலாம் நாள் மேனேஜர் வந்து நின்றார்.
"சொத்தப் பல்லோட வர்றாம்மா ஒவ்வொருத்தனும்.
எங்ககிட்ட பல்லு மட்டும்தான் இல்ல."

அப்புறம் டாக்டர் ஞானவரம்.
பாலி கிளினிக் என்றுதான் சீட்டில் எழுதியிருந்தார்.
எனக்கு அன்றைக்கு இடுப்பு வலி,
வெளியே மீன்பாடி வண்டியின் ஹாரன்,
விரல் எங்கே போனதோ,
பா-வுக்கு முன்னால் ஒரு இரட்டைக்கொம்பு.
பத்துக்கு நாலு அடியில், சிவப்பில்,
சுற்றிலும் சீரியல் லைட்டோடு
மூன்று நாள் தொங்கியது
போலி கிளினிக்.

யாரும் கேட்கவில்லை.
டோக்கன் நாற்பதைத் தாண்டியதாம்.
நாலாவது நாள் எழுத்துக்கூட்டப் பழகும் ஒரு பயல்
ஊசிக்குப் பயந்து உரக்கப் படித்திருக்கிறான்.
"பாலிக்கு என்ன கொம்பா முளைச்சுது?" என்று
டாக்டரே சிரித்துவிட்டார்.
அண்ணன் சிரிக்கவில்லை.
நானூறு ரூபாய் சம்பளத்தில் போனது.
ஃப்ளெக்ஸ் எனக்கு.

அது இப்போது எங்கள் ஷீட்டுக்கு மேலே,
எழுத்து உள்பக்கமாக.
ஒழுகும் இடம் வழியாகப் படுத்தபடி பார்த்தால்
கிளி என்று மட்டும் தெரியும்.
கீழே ஒரே ரூம், ஐந்து பேர்.
ஒரே மல்டி பிளக்கில்
மிக்ஸி, ரெண்டு சார்ஜர், தம்பியின் லேப்டாப், கொசு மருந்து.
அம்மா மிக்ஸியைப் போட்டால்
தம்பியின் பாலிடெக்னிக் அணைந்துவிடும்.
"பர்ஸ்ட் இயர்லயே பியூஸ் போவுது பாரு" என்பான்.

இடுப்பு வலிக்கு ஸ்கேன் எழுதினார்
அதே ஞானவரம்.
ராயபுரத்தில் போய்ப் படுத்தேன்,
வயிற்றில் ஜெல் குளிர்ந்தது.
திரையில் கறுப்புக் கறுப்பாகக் குமிழிகள்,
கொதிக்கப் போகும் ஜவ்வரிசி மாதிரி.
"எத்தனை இருக்கு மேடம்?"
"பன்னெண்டுக்கு மேல எண்ண மாட்டோம்மா.
மல்டிபிள்னு போட்ருவோம்."

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு
கல்மண்டபம் ஸ்டாப்பில் நின்றேன்.
மீன் லாரி தண்ணீர் செருப்பை நனைத்தபடி ஓடியது.
பாலிசிஸ்டிக்.
இதுவரை நூறு போர்டு அடித்திருப்பேன்,
இந்த ஒன்றை அடித்ததில்லை.
அடித்தால் பா-வுக்கு முன்னால்
கொம்பு விழுந்துவிடுமா என்று நினைத்தேன்.
விழுந்தால் நன்றாயிருக்கும்.

பேருந்து வரவில்லை.
பழக்கம் விடுமா, தாளைத் திருப்பி
மேலிருந்து கீழே புரூஃப் பார்த்தேன்.
என் வயது தப்பு.
இருபத்தாறுக்குப் பதில் அறுபத்திரண்டு.
பேர் சரியாகத்தான் இருந்தது,
சற்குணா, ஒருமை.

திரும்பிப் போய் மாற்றச் சொன்னேன்.
"பிரின்டர் ரிப்பேரும்மா, நாளைக்கு வா" என்றாள்.
பென்டிரைவ் தாருங்கள்,
எங்கள் கடையில் அடித்துத் தருகிறேன் என்றேன்.
என்ன சைஸில் என்று கேட்டாள்,
சிரிக்காமல்.