குறைகிற மூன்று அடி

படிவத்தில் ஏழாவது வரி:
கட்டடத்தின் பயன்பாடு. ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடுக.
வதிவிடம். வர்த்தகம். களஞ்சியம். வேறு.
பேனை மூடியைக் கடித்தபடி
புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் நிற்கிறேன்.
"மிஸ், ஒதுங்குங்கோ!"
துணிப்பொதி அடுக்கிய கைவண்டியொன்று
என் நிழலின் மேலால் ஏறிப் போகிறது.

தெருமுகம் முப்பத்தொரு அடி.
இரண்டுதரம் அளந்தேன்.

கீழே நிஸ்தாரின் புடைவைக் கடை.
அதன் தூணில் சாய்ந்தாற்போல்
சிறிசோமவின் சாவி வெட்டும் மேசை.
மேசைக்குப் பின்னால் ஒரு தேத்தண்ணிக் கடை,
கடையென்றால் ஒரு கேத்தல், ஒரு கை,
கையின் உரியவரை நான் காணவில்லை.
படிக்கட்டின் அடியில் நாட்டாமை சந்தனம்
பகல் பதினொன்றுக்கு உறங்குகிறார்,
சும்மாட்டையே தலையணையாக்கி.

முதல் மாடி முழுக்கப் பிளாஸ்டிக் வாளி.
உறுதி எழுத வருகிறவர்கள்
வாளிகளைத் தள்ளிக்கொண்டுதான்
நொத்தாரிசு பேரம்பலத்தின் மேசைக்கு வரவேண்டும்.
இரண்டாம் மாடி அறையில்
கொட்டகலைப் பெடியன்கள் எட்டுப் பேர், பாய் நாலு.
பகல் வேலைக்காரன் விட்டுப்போன சூட்டிலேயே
இரவு வேலைக்காரன் படுக்கிறான்.
மேல்மாடியில் பௌமியா,
ஒரு தையல் மெசின், இரண்டு பிள்ளைகள்,
யன்னல் நிறையச் சம்மாங்கோட்டுப் பள்ளியின்
சிவப்பும் வெள்ளையும்.

சுவரையும் சேர்த்துக் கூட்டினேன். இருபத்தெட்டு.
எந்த மாடியில் கூட்டினாலும் இருபத்தெட்டு.

"பழைய முதலாளியின் இரும்புப்பெட்டி அறை" என்றார் நிஸ்தார்,
துணியை முழம் போடுவதை நிறுத்தாமல்.
"அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது
நடுவில் அகப்பட்ட படிக்கட்டு" என்றார் பேரம்பலம்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி,
"மூவடி மண் கேட்டவன் கதை தெரியுந்தானே, பிள்ளை?
கவனம்" என்றார்.
சிறிசோம சிரித்தார், சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
விளங்கியது. எழுத முடியாது.

பௌமியா ஒன்றும் சொல்லவில்லை.
அலுமாரியைத் திறந்து
அபாயாக்களை ஒரு பக்கம் ஒதுக்கினா.
அலுமாரிக்கு முதுகுப்பலகை இல்லை.
அங்கே இருட்டு, ஒரு கயிறு,
கயிற்றில் ஒரு பனையோலைக் கூடை,
கீழிருந்து ஏறி வந்த
இஞ்சி மணம்.

பாண் இதால்தான் ஏறுதாம்.
சோத்துப் பார்சல், காய்ச்சல் குளிசை,
இரவு வேலைக்காரனின் திறப்பு,
கையெழுத்துக்குப் போகிற குத்தகைத் தாள்,
கோபித்துக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர்
சொல்லி அனுப்புகிற சொல்.
நடுமாடியில் நின்று யார் திருடித் தின்றாலும்
கூடையின் பாரத்தில் தெரிந்துவிடுமாம்.

நான் அரசாங்கத்தின் ஆள்.
ஆழம் எழுதவேண்டுமே என்று
உருக்கு நாடாவை இருட்டுக்குள் இறக்கினேன்.
இருபது. முப்பது. முப்பத்தெட்டில்
தட்டியது தரையில்லை.
ஏதோ பிடித்தது. இழுத்தது. விட்டது.
சுற்றி எடுக்க எடுக்கக் கனம்.
நாடாவின் கொளுக்கியில்
பொலித்தீன் பையொன்று முடிச்சுப்போட்டு,
உள்ளே சுடச்சுடப் பிளேன்டீ,
பையின் கழுத்தில் ஒரு துண்டு:
அறுபது ரூபா.

நூறு ரூபாத் தாளைக் கொளுக்கியில் செருகி இறக்கினேன்.
மிச்சம் நாற்பது வரவில்லை.
இரண்டு வடை வந்தது.

தெருவுக்கு இறங்கியபோது மழை பிடித்துவிட்டது.
சந்தனம் எழும்பி, என் படிவத்துக்கென்று
ஒரு வாளி மூடி தந்தார்.
ஏழாவது வரி இன்னும் அப்படியே.

திங்கட்கிழமை, கந்தோர் லாச்சியைத் திறக்கிறேன்.
முப்பத்தெட்டாம் அடியைச் சுற்றி
எறும்பு.