ஓநாய்ப் பாதம்

வலி இல்லை.
பிளம் மரத்தடியில் நின்று பெய்தது
பீட்ரூட் கழுவிய தண்ணீர் நிறத்தில் போயிற்று.
நேற்று பீட்ரூட் தின்றோமே என்று
கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
டிராக்டரைக் கிளப்பினான் பார்தோல்.
அடுத்த நாள் தின்னவில்லை.
நிறம் இருந்தது.

சாவா ஆற்றின் இந்தக் கரையில்
அந்த நிறம் புதிதில்லை.
அப்பனுக்கு வந்தது, அத்தைக்கு வந்தது,
எதிர்வீட்டில் மூன்று பேருக்கு.
கிணறு என்றார்கள்.
வெள்ளம் விட்டுப்போன வண்டல் என்றார்கள்.
பாதிரியார் ஒருவர் பாவம் என்றார்,
அவருக்கும் வந்தது.
பரம்பரை என்று எழுதி முடித்திருப்பார்கள்,
மலைப்பக்கத்திலிருந்து வாழ வந்த ஏவிட்சாவுக்கு
முப்பது வருடம் கழித்துச்
சிறுநீரகம் இரண்டும் வாதுமைக் கொட்டையாய்ச்
சுருங்காமல் இருந்திருந்தால்.

மூன்று காலை, மூன்று குப்பி.
கண்ணாடித் தகட்டில் செல்கள்
கரு பெருத்து, ஒழுங்கு கெட்டு.
ஸ்கேனில் மருந்து வெள்ளையாக இறங்கி வருகிறது,
சிறுநீர்க்குழாயின் பாதி வழியில்
ஓரிடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது:
கோதுமை மணி அளவுக்கு
ஓர் இருட்டு.
டாக்டர் நெவென்கா நூல்போன்ற குழாயோடு
கீழிருந்து மேலேறிப் போய்ப் பார்த்தாள்.
ஓடைக்கல்லில் பாசி ஆடுவதுபோல்
ஆடிக்கொண்டிருந்தது.
ஒரு கிள்ளு எடுத்து வந்தாள்.

முடிவு வந்த அன்று
அவள் முதலில் சொன்னது புற்று என்று இல்லை.
கேள்விதான் கேட்டாள்.
சின்ன வயதில், உங்கள் கோதுமை வயலில்,
மஞ்சளாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூத்து,
இலை இதயம் மாதிரி...

"வுச்சியா ஸ்தோப்பா,"
முடிக்க விடவில்லை அவன்.
ஓநாய்ப் பாதம்.
குதிரைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
அறுப்பில் கோதுமையோடு கலந்து வரும்.
யாருக்கு இருந்தது பொறுக்க நேரம்?

அந்தச் செடியின் தாயாதி ஒன்றுக்கு
நம் மொழியில் ஆடுதீண்டாப்பாளை என்று பேர்.
ஆட்டுக்குத் தெரிந்துவிட்டதைப்
பேரிலேயே பொறித்து வைத்திருக்கிறோம்.
அரவைக்கல்லுக்குத் தெரியவில்லை.
ஈஸ்ட்டுக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்குப் பொங்கிற்று.
உடம்புக்கு மட்டும் தெரிந்து,
யாரிடமும் சொல்லாமல்,
உயிரின் ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு
ஐம்பது வருடம் இருந்தது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்போம்.
இங்கே வீடுதான் செய்தது,
உண்டவனுக்கு,
தெரியாமல்,
சூடாக, வெண்ணெய் தடவி.

"அப்போ ஏவிட்சாவுக்கும்?"
"அதே மாவுதானே."
ஜன்னலுக்கு வெளியே யாரோ
காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
அது போய் முடியும்வரை
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலப்பக்கச் சிறுநீரகம்,
குழாய் முழுவதும்,
பையில் அது நுழையும் வாயைச் சுற்றி
ஒரு காசு அளவு.
பாதியை விட்டால் அந்தப் பாதியில் முளைக்கும் என்றாள்.
களை வெட்டியவனுக்கு
இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
மிச்சமிருக்கும் இடதும் அரைகுறை.
மூன்று மாதத்துக்கொருமுறை
பைக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்,
வருடக்கணக்கில்.
"எத்தனை வருடம்?"
"நீங்கள் வந்துகொண்டிருக்கும்வரை."

தையல் ஆறிற்று.
இடது அந்தப் பனிக்காலம் தாங்கிற்று,
அடுத்ததைத் தாங்கவில்லை.
இப்போது செவ்வாய், வியாழன், சனி
ஒரே வேனில் போகிறார்கள் இருவரும்.
ஜன்னலோர நாற்காலி ஏவிட்சாவுடையது,
நான்கு வருட பாத்தியதை.
பக்கத்தில் அவன்.
ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு பேரின் ரத்தம்
அடுத்தடுத்த இயந்திரங்களில் சுற்றுகிறது,
ஒரே சத்தத்தில்.

பத்தரைக்குத் தாதி கொடுக்கும் சாண்ட்விச்சை
அவன் உடனே தின்பதில்லை.
ரொட்டியைப் பிரிக்கிறான்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
விரல் நுனியால் தடவித் தேடுகிறான்.

"கடை ரொட்டி,"
என்கிறாள் ஏவிட்சா,
கண்ணைத் திறக்காமலேயே.
"தின்னு."