மைனஸ் இருபத்திரண்டு

ஆறு பெரும்பொழுது என்று
தமிழ் வகுப்பில் ஒப்பித்தோம்.
கூதிர், முன்பனி, பின்பனி:
பரீட்சையில் எழுதினேன், மறந்தேன்.
பினாங்கில் இருப்பது இரண்டுதான்,
மழையும் மழைக்கு முந்திய புழுக்கமும்.

மூன்றாவதை
பிறைத் தொழிற்பேட்டையில் கண்டுபிடித்தேன்.
வாசலில் கனத்த ரப்பர்த் திரை,
கதவுக்கு மேல் சிவப்பு எண்கள்,
உள்ளே மைனஸ் இருபத்திரண்டு.

இறால். நியூசிலாந்து ஆட்டுக்கால்.
சீனாவுக்குக் கப்பலேறக் காத்திருக்கும் டுரியான் சுளைகள்.
ஒன்றுக்கும் வாசனை கிடையாது.
டுரியானையே வாயடைத்த குளிர்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என்னிடமா தயங்கும்?

நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே.
காலுக்கு இரண்டு காலுறை, நடுவே ரொட்டிப் பை.
மூக்கை மூடிய துப்பட்டாவில்
என் மூச்சே உறைந்து
உப்புத்தாளாய் உதட்டை உரசும்.
வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடும்.
கண் தெரியாமல் நின்றபடி
வெயிலைக் கன்னத்தால் பார்ப்பேன்.

கம்பெனி கோட்டு மூன்று, ஆள் ஐந்து.
முந்திய ஷிப்டின் வியர்வை ஈரத்தோடு
கை மாறும்.
அதனால்தான் பட்டர்வொர்த் பண்டல் கடையில்
முப்பத்தைந்து வெள்ளிக்கு எனக்கென்று ஒன்று.
கழுத்துப்பட்டியில் கொரிய எழுத்து.
உள்பையில் ஒரு கையுறை,
மஞ்சள், கம்பளி, குழந்தையுடையது.
ஒன்றே ஒன்று.
எந்த ஊர்ப் பிள்ளையோ
ஒரு கையைச் சட்டைப்பையில் திணித்தபடி
அந்த வருஷப் பனியைக் கடந்திருக்கும்.

போன செவ்வாய் இரவு மின்சாரம் போனது.
கதவு திறக்கவில்லை.
உள்ளிருந்து தள்ளும் பிடியில் பனி இறுகியிருந்தது.
நானும் தில்பகதூரும்.
அவன் மலைநாட்டுக்காரன், நேப்பாளம்.
"உட்காராதே அக்கா" என்றான் மலாயில்,
"உட்கார்ந்தால் குளிர் நம்மைத் தூங்க வைக்கும்."
நடந்தோம்.
இறால் வரிசை, ஆட்டுக்கால் வரிசை, திரும்பி இறால்.
கைத்தொலைபேசி வெளிச்சத்தில்
பெட்டிகளை நான் தமிழில் எண்ணினேன், அவன் அவன் மொழியில்.
இருநூறுக்கு மேல் இருவருக்கும் கணக்குத் தப்பியது.
அவன் ஊரில் பனி காலண்டர் பார்த்து வருமாம்.
"இங்கே பட்டனை அமுக்கினால் வருகிறது"
என்று சிரித்தான், பல் கிட்டியபடியே.
நான் கையுறையைக் கழற்றி
விரல்களை அக்குளில் செருகினேன்.
இரண்டு விரல் மட்டும் எங்கோ வழுக்கிப் போனது போல.
உள்பையைத் துழாவி
அந்த மஞ்சள் கையுறைக்குள் அவற்றை நுழைத்தேன்.
இரண்டு நுழைந்தது.

பதினொரு நிமிடம்.
வெளியே சூப்பர்வைசர் தியோ கோபத்தில் இருந்தார்,
எங்கள் மேலா கதவின் மேலா தெரியவில்லை.
யாரோ கோப்பி ஓ கொடுத்தார்கள்.
கிளாஸ் சூடா என்று தெரியவில்லை,
பிறகு தெரிந்தது,
பத்து விரலும் ஒரே நேரத்தில் ஊசி குத்தி அழுதன.
நான் அழவில்லை. ஷிப்ட் முடிய
இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

வீட்டில் இளவழுதி மின்விசிறியை
ஐந்தில் வைத்துப் பனியனோடு கிடப்பார்.
நான் பக்கத்தில் கம்பளிக்குள்.
"வா வா, ஐஸ் பெட்டி வந்துருச்சு" என்று
என் பாதத்தை இழுத்துத்
தன் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார்.
முதல் தொடுகையில் வாய்விட்டுக் கத்துவார்,
பாதத்தை விடமாட்டார்.

ஞாயிறு கோட்டைத் துவைத்துக்
கொடியில் போட்டேன். ஏழாவது மாடி.
கீழே முப்பத்துமூன்று டிகிரி, தார் இளகுகிறது.
பக்கத்து வீட்டு ரோஸ்னா
துணிக்கவ்வியைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்:
கேமரன்மலையா, கொரியாவா?
பிறை என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

கையுறையைத் தனியாக அலசி,
சின்னதென்பதால் சீக்கிரம் காய்ந்தது,
திரும்ப அதே பையில் வைத்துப்
பொத்தானைப் போட்டேன்.
இன்று இரவு ஷிப்ட்.
ரொட்டிப் பை தீர்ந்துவிட்டது,
போகும் வழியில் ரொட்டி வாங்க வேண்டும்.