ஏழைக் கேட்டார்களா

விடிகாலை நாலரை, மாட்டுத்தாவணி.
மல்லிக்கு இன்னும் விலை விழவில்லை.
தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு டீக்கடைக்கு வந்தால்
எங்கள் ஏழாம் நம்பரை அதற்குள் விற்றுவிட்டிருந்தார்கள்.

"போயிட்டான்டா."
எவன் சொன்னான்?
"சொல்றாங்க."
யாரு?
"சொல்றவங்கதான்" என்றான் ஒச்சப்பன்,
வடையில் எண்ணெய் பிழிந்தபடி.

அமெரிக்காவில் ஏதோ ஏரிக்கரை ஊர்.
குளிர்காலத்தில் அந்த ஏரி
லாரி போகும் அளவுக்கு இறுகிவிடுமாம்.
வைகையில் தண்ணீர் வந்தாலே
பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிற நாங்கள்
அந்த ஊர்ப் பந்துக்கு ஒன்பது வருடமாகக்
கண் விழிக்கிறோம்.
காரணம் ஏழு. வேறொன்றும் இல்லை.
இடது முழங்காலில் இரண்டு அறுவை,
கடைசி நொடியில் எறிந்தால்
வளையம் தொடாமல் வலை மட்டும் அசையும்.

அவனைக் கொடுத்து வாங்கப்போவது
இன்றைய தேர்வில் நாலாவது ஆளை.
பத்தொன்பது வயசு,
ஏழடிக்கு ஒரு விரற்கடை குறைவு.
கூடவே மூன்று வருடம் கழித்து இன்னொரு பையன்.
"அவன் இப்ப எந்த வகுப்புல
கணக்குப் பரீட்சைல முட்டை வாங்கிட்டு இருக்கானோ!"
என்றான் கோவர்த்தனன்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடைக் கணக்கன்,
இல்லாத சரக்குக்கு ரசீது போட்டால்
அவனுக்கு வயிறு கலங்கும்.

ஒச்சப்பனுக்குக் கலங்கவில்லை.
"மாப்ள, பூ யாவாரம்தான் இது.
அஞ்சு மணிக்கு மொட்டு, கிலோ எண்ணூறு.
பத்து மணிக்கு முந்நூறு.
மத்தியானம் செண்டு கம்பெனிக்காரன்
சாக்கை விரிச்சுக்கிட்டு நிப்பான்.
முப்பத்திரெண்டு வயசுக்காரன் முழங்காலை
எந்நேரம் வரைக்கும் தண்ணி தெளிச்சு வைப்ப?"

"எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு
மனமொத்த மாறுதல்" என்றார் ஜக்கரியா.
மின்வாரியம். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்.

அமலி டீயைத் தொடவே இல்லை.
எங்களில் நிஜமாகப் பந்து ஆடியவள்
அவள் ஒருத்திதான். பல்கலைக்கழக அணி.
மற்ற நாளென்றால் இந்நேரம்
உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் நகர்த்தி
யார் யாரை மறிக்க வேண்டுமென்று
பெஞ்சிலேயே ஆட்டம் நடத்தியிருப்பாள்.
இன்றைக்கு விசிலின் கயிற்றைச்
சுட்டுவிரலில் சுற்றுகிறாள்,
அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள்.

"மனசு ஒத்தாத்தான் சார் அந்தப் பேரு.
இது பணிநிரவல்."

மேலூரில் பதினோரு வருடம்.
பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
உபரி என்று அச்சடித்திருக்கிறது.
பத்து மணிக்குத் தல்லாகுளத்தில் கலந்தாய்வு.
காலியிடம் எது மிஞ்சும்,
ராமநாதபுரமா தர்மபுரியா,
முன்னால் நிற்பவர்கள் எடுத்த பிறகுதான் தெரியும்.

எங்களுக்கு இது தெரியாது.
முந்தா நாள் வரை அவளிடம்
ஏழின் முழங்காலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏழைக் கேட்டாங்களா?" என்றாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கோவர்த்தனனுக்கு மட்டும்
அது வேறு மாதிரிக் காதில் விழுந்திருக்க வேண்டும்.
"ஏழையை யாரு கேட்டா" என்று
கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐந்தரை. ஜக்கரியாவின் போனில்
கோட்டு போட்ட ஒருவர் மேடை ஏறினார்.
முதல் பையன். தாய் அழுதாள்.
இரண்டாவது. அவனுக்கு இரண்டு தாத்தாக்கள்.
மூன்றாவது பெயருக்கு வாயைத் திறந்தவர்
திறந்தபடியே நின்றுவிட்டார்,
வட்டம் ஒன்று அவர் மூக்கில் சுற்றியது.
"ஒன்னோட டேட்டாவைப் போடுய்யா!"
"நேத்தே தீந்துருச்சு."

அப்போதுதான் நிலக்கோட்டை வண்டி வந்து
எனக்குக் குரல் வந்தது.
போய் முதல் மூட்டையை ஏற்றினேன்.
நாற்பத்தொன்று இருநூறு.
ஈரத்துக்கு ஒரு கிலோ கழித்து எழுதச் சொன்னார் முதலாளி.
கழித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது
அமலி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள்.
நாலாவது முறை பிடித்தது.
பெஞ்சில் டீ ஆடை கட்டிக் கிடந்தது,
அதற்கு மேலே மூன்று தலைகள்
ஒரு வட்டத்தைக் குனிந்து பார்த்தபடி.

"என்னாச்சுடா?" என்று கத்தினேன்.
ஒச்சப்பன் கையை விரித்தான்.
போயிட்டான் என்றா,
இன்னும் சுத்துது என்றா,
தெரியவில்லை.
அடுத்த மூட்டையைத் தூக்கினார்கள்.