மேல்குழல்

வயலை நூல் பிடித்துப் பிரித்தாயிற்று.
கிணற்றுக்கு முறை வைத்தாயிற்று,
திங்கள் செவ்வாய் எனக்கு, புதன் வியாழன் அவனுக்கு,
மிச்ச நாள் அது தானே ஊறிக்கொள்ளட்டும் என்று.
துப்பாக்கியில்தான் இழுத்துக்கொண்டது.

ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் குழல்.
அப்பா ஓர் எஸ்டேட்காரரிடம் பழசாக வாங்கியது.
பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால்
ரம்பம் வைத்திருப்பான் ஆவுடையப்பன்;
அப்படித்தான் இரட்டைக் கட்டிலை அறுத்தான்.

லைசென்ஸ் என் பெயருக்கு மாற
ஆட்சேபணை இல்லை என்று அவன் கையெழுத்து வேண்டும்.
மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னான்:
"கீழ்க்குழல் ஒனக்கு, மேல்குழல் எனக்கு.
எம் பாதிக்கு நாப்பதாயிரம்.
குடுத்து முடிக்க வரைக்கும்
மேல தோட்டா போடப்படாது ஏட்டி."
விளையாட்டாகத்தான் சொன்னான்.
நான் சரி என்றேன், விளையாட்டில்லாமல்.

கீழ்க்குழலுக்கு வாய் கொஞ்சம் அகலம்,
கிட்டத்தில் பறப்பதற்கு.
மேல்குழலுக்கு ஒடுக்கம், தூரத்துக்கு.
தூரம் போனவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

அப்பா வாங்கிய புதிதில் கவுதாரி சுட்டார்.
சட்டம் வந்தபின் வாழைக்குள் பன்றி இறங்கினால்
வானத்தைச் சுட்டார்.
எனக்குக் கிடைத்தது களிமண் பறவை.

மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே கிளப்பு மைதானம்.
செம்மண், உடைமரம், நின்றுபோன காற்றாலை ஒன்று.
பள்ளத்துக்குள் உட்கார்ந்து
எந்திரத்தில் தட்டு வைப்பான் சொரிமுத்து.
இட்லி அகலம், ஆரஞ்சு நிறம்.
மற்றவர்கள் இங்கிலீஷில் கத்துவார்கள்.
நான் "விடு" என்பேன்.
இடமா வலமா, வைத்தவனுக்கும் தெரியாது.

ஒரு தட்டுக்கு இரண்டு வெடி, விளையாட்டின் விதி.
எனக்கு ஒன்று.
தோளில் நாவற்பழ நிறம் ஏறி மஞ்சளாகி மறுபடி ஏறியது.
பதினாலு மாதம்
என் கண்ணுக்குக் கிட்டே இருந்த குழல்
காலியாகவே இருந்தது.
ஆனிக் காற்றில் அது மட்டும் மெல்ல ஊதும்.
இருபத்தைந்துக்குப் பத்தொன்பது உடைத்தேன்.

நடுவில் தேர்தல் வந்தது.
நாங்குநேரி ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தேன்.
'துப்பாக்கி ஒன்று' என்று ரசீது எழுதினார் ரைட்டர்.
அரை என்று திருத்தச் சொல்ல
வாய் வரைக்கும் வந்தது.

கடைசித் தவணை தார் விற்ற பணத்தில் போனது.
அன்றிலிருந்து இரண்டு தோட்டா.
அன்றிலிருந்து முதல் வெடி தப்பியது.
இன்னொன்று இருக்கிறதே என்று
விரல் எங்கோ சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.
பள்ளத்திலிருந்து தலையை நீட்டினான் சொரிமுத்து:
"யக்கா, சத்தம் கூடிருச்சு.
ஓடு கொறஞ்சிருச்சு."

ஐப்பசியில் லீவுக்கு வந்தவன்
பார்க்க வேண்டும் என்றான்.
வெளிநாட்டுச் செருப்பு செம்மண்ணில் புதைய
என் பின்னால் நின்றான்,
காதுக்குள் இரண்டு விரலும்.

விடு.

வலப்பக்கம், தாழ்வாக, வேகமாக.
நான் ஒன்றும் நினைக்கவில்லை.
ஆரஞ்சு இருந்த இடத்தில்
கறுப்பாய்க் கொஞ்சம் தூசி.

"எந்தக் குழல்?"

மேல, என்றேன்.

சிரித்தான். தன் தோளைத்
தானே ஒருமுறை தடவிக்கொண்டான்.

துப்பாக்கியை மடக்கித் திறந்தேன்.
கீழிருந்து காலித் தோட்டா
புகையோடு எகிறி மண்ணில் விழுந்தது.
மேலே முழுசாக இருந்ததை
உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.