பன்னிரண்டு ஏ.எம்.

சுங்கை நிபோங் பஸ் நிலையம், எட்டாம் முகப்பு.
கண்ணாடித் துளை வழியே
சீட்டை நீட்டினார் அஞ்சலாதேவி.
ஒரு கையில் முறுக்கு டின்,
மறு கையில் பட்டுச்சேலை மடித்த பை.
"சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணி.
நீதானேம்மா அடிச்சுக் கொடுத்த?"

நான்தான் அடித்தேன்.
சனி, 12.00 ஏ.எம்.
அந்த வண்டி நேற்றிரவே புறப்பட்டு
பதினேழாம் இருக்கையைக் காலியாகச் சுமந்து
கோலாலம்பூர் போய்
மத்தியானமே திரும்பியும் வந்துவிட்டது.

எப்படி விளக்குவேன்?
அவருடைய சனிக்கிழமை விடியலில் தொடங்கி
மறுநாள் ரொட்டிக்காரர் ஹார்ன் அடிக்கும்வரை நீளும்.
கணினியின் சனிக்கிழமையோ
வெள்ளி இரவு எல்லாரும் தூங்கியபின்
செருப்பைக் கழற்றிவிட்டு
சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

விடிந்தால் மகளுக்குப் பட்டமளிப்பு.
என் காசில் நாற்பது வெள்ளி போட்டு
ஒன்றரை மணி வண்டியில் இடம் பிடித்தேன்.

அதன் ஓட்டுநர் செபஸ்தியான்,
பாதிரியாராகப் படித்து
இரண்டாம் ஆண்டில் ஓடிவந்தவர்.
கோப்பி ஓ ஆறும்வரை சொன்னார்:
"ஆன்டே மெரிடியெம். போஸ்ட் மெரிடியெம்.
லத்தீன்.
உச்சிக்கு முன்னே, உச்சிக்குப் பின்னே.
பழைய சொல்லில் ரெண்டு 'டி' இருந்துச்சாம்,
நாக்கு சலிச்சுப்போய் ஒன்னை 'ரி' ஆக்கிடுச்சு."

"அப்போ நடுச்சாமம்?"

"போன உச்சிக்குப் பின்னே.
வரப்போற உச்சிக்கு முன்னே.
ரெண்டுக்கும் சம தூரம்.
நீ எத வேணும்னாலும் அடிக்கலாம்,"
என்று சிரித்தபடி
அஞ்சலாதேவியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

ஏப்ரல் முதல் வாரம்.
மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெளியே நின்றேன்.
12.00 பி.எம். என்றது மின்பலகை.
என் நிழல் இன்னும்
மேற்கே, டாக்சி வரிசைப் பக்கம் கிடந்தது.
சோறு ஆறியது.
ஒன்று இருபதுக்குத்தான்
அது செருப்புக்கு அடியில் ஒடுங்கியது.
இந்த ஊர்க் கடிகாரத்தை
யாரோ எப்போதோ முன்னே தள்ளி வைத்தார்கள்;
சூரியனுக்குத் தகவல் போகவில்லை.
தினமும் ஒரு மணி இருபது நிமிடம்
எங்கள் பலகை பொய் சொல்கிறது,
அதுவும் லத்தீனில்.

மாலை, முகப்பில் ஒருவர்.
காவலாளிச் சட்டை, கைவிளக்கு.
"ஈப்போ ஒன்னு. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஏ.எம்."

விரல் விசையில் நின்றது.
"எந்த ராத்திரிண்ணே?
வியாழன் படுத்துத் தூங்குறதுக்கு அப்புறமா,
வெள்ளி படுத்துத் தூங்குறதுக்கு அப்புறமா?"

நெடுநேரம் யோசித்தார்.
"நான் பகல்ல தூங்குறவன்மா."