பதினோராவது மதகு

ஷ்ரோப்ஷயரில் ஞாயிறென்றால் மழை.
பல் மருத்துவர் பிரான்வென், பேக்கரிக்கார ஹ்யூகோ,
வேலை போன வாரமே வந்து சேர்ந்த டெல்வின், நான்.
இடுப்புவரை எல்லோரும் ஒரே நிறம்.

வாளி கை மாறிப் போகிறது.
செங்கல், டயர், யாரோ தலைமுழுகிய தையல் மெஷின்.
பிறகு ஒரு பல்செட்.
பிரான்வென் சேற்றைத் துடைத்துப் பார்த்து
"நல்ல கைவேலை" என்றாள்.

பெக்வித் மட்டும்
குச்சியால் தொட்டுக் காட்டினார்:
"இங்கே. நாலடி. கதவு இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும்."
கிடந்தது.
கருத்த ஓக், இருநூறு வருஷத்து ஆணிகளோடு.

வரைபடத்தில்கூட இல்லையே,
எப்படித் தெரியும் என்றாள் பிரான்வென்.
கெட்டில் கொதிக்கும்வரை பேசவில்லை அவர்.

"அறுபத்துமூன்றில் கால்வாயைத் தூர்த்தது
என் லாரிதான்.
இந்த மதகுக்கு மட்டும் நாற்பது நடை.
நடைக்கு ஏழு ஷில்லிங்.
அந்த வருஷம்தான் கல்யாணம்."

ஹ்யூகோ அவர் தேநீரில்
கேட்காமலே இரண்டாவது சர்க்கரை போட்டான்.
டெல்வின் மண்வெட்டியைக் கழுவினான்,
கழுவியதையே மறுபடி கழுவினான்.

பெக்வித் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு
வரிசையில் வந்து நின்றார்,
எனக்கும் டெல்வினுக்கும் நடுவே.

ஒரு லாரிக்கு எத்தனை வாளி?
மனக்கணக்குப் போடத் தொடங்கினேன்.
பாதியில் வாளி வந்துவிட்டது.